கடல் கடந்து வந்த ஐஸும் நம்ம வீட்டு மண்பானையும்

(வானொலி வேளாண் உரை)



ஒரு சித்திரை மாதம். திருவையாறு பக்கம் படுகையில் கத்தரி போட்டிருந்த பெரியவர் ஒருவர், உச்சி வெயிலில் காயைப் பறித்துச் சாக்கில் கட்டி வைத்துவிட்டார். மறுநாள் மண்டியில் மூட்டையைப் பிரித்தால் பாதிக் காய் வாடிக் கிடந்தது. விலையும் பாதிதான். "ஐஸ் பெட்டி வாங்க நமக்கு ஏது சார் வசதி?" என்று என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

சென்னை மெரினா கடற்கரைக்கு எதிரே விவேகானந்தர் இல்லம் இருக்கிறதே, அதன் பழைய பெயர் ஐஸ் ஹவுஸ். 1840-களில் அதைக் கட்டியவர் அமெரிக்கா, பாஸ்டன் நகரத்து வியாபாரி பிரடெரிக் டியூடர். அங்கே பனிக்காலத்தில் ஏரி குளமெல்லாம் பாறையாக உறைந்துவிடும். அதை அறுத்துக் கப்பலில் ஏற்றி அனுப்பினார்.

1833-ல் கல்கத்தாவுக்கு வந்த அவருடைய முதல் கப்பலில் ஏற்றியது சுமார் 180 டன். நாலு மாதக் கடல் பயணம். அப்படியும் சுமார் 100 டன் கரையாமல் வந்து சேர்ந்தது. மின்சாரம் உண்டா, இயந்திரம் உண்டா? ஒன்றும் கிடையாது. மரத்தூள், காய்ந்த புல் போன்றவற்றைச் சுற்றிலும் அடைத்து ஐஸைக் கொண்டுவருவார்கள். தூளுக்குள் சிக்கிய காற்று வெளிச்சூட்டை உள்ளே விடாது. நம்ம களத்து உமியும் இதே வேலையைச் செய்யும்.

1870-களில் சென்னையிலேயே நீராவி இயந்திரம் வைத்து ஐஸ் செய்யத் தொடங்கினார்கள். கப்பல் வியாபாரம் படுத்துவிட்டது. கட்டடம் கைமாறியது. 1897-ல் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கினார். இன்றைய பெயர் அதனால் வந்தது.

சீமை ஐஸ் துரைமார்களுக்கும் பணக்காரர்களுக்கும்தான். நம்ம பாட்டிமார் திண்ணையோரம் மணல் பரப்பிப் பானை வைத்தார்கள். பானையில் கசியும் தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிலோ ஐஸ் கரைய 80 கிலோ கலோரி வெப்பம் பிடிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகச் சுமார் 580 பிடிக்கும். ஏழு கிலோ ஐஸ் இழுக்கிற சூட்டை ஒரு லிட்டர் தண்ணீர் இழுத்துவிடுகிறது!

இதே தத்துவத்தில்தான் டெல்லி பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் 1980-களில் மின்சாரமில்லாக் குளிர் அறையை உருவாக்கினார்கள். செங்கல்லால் இரட்டைச் சுவர், நடுவே 3 அங்குல இடைவெளி, அதில் ஆற்று மணல். மேலே கீற்றுக் கொட்டகை. மணலைக் காலையும் மாலையும் நனைக்க வேண்டும். காயை இளங்காலையில் பறித்து உள்ளே வைத்து, ஈரச் சாக்கால் மூட வேண்டும். ஒன்று ஞாபகம் வையுங்கள்: ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் இது அவ்வளவாகக் குளிராது. கோடையில்தான் பலன்.

பெரியவரும் தோப்பு நிழலில் ஒன்று கட்டினார். விலை கூடிவிட்டது என்று சொல்லமாட்டேன். "கேட்ட விலைக்கு அன்னிக்கே தள்ளணும்கிற அவசரம் போச்சு சார்" என்றார். அதுவே பெரிய லாபம் இல்லையா?