ஊரோடு நடந்த கல்

வட அமெரிக்கத் தொல்குடியினரான ஒனைடா மக்கள் தம் மொழியில் தம்மை ‘நிற்கும் கல்லின் மக்கள்’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள். ஹோடனோஷோனி கூட்டமைப்பைத் தோற்றுவித்த ஐந்து இனங்களுள் அவர்களும் ஓரினம். கூட்டமைப்பின் பேரவையில் இருந்த ஐம்பது தலைவர் பதவிகளில் ஒன்பது அவர்களுடையவை. ஆமை, ஓநாய், கரடி என மூன்று குலங்கள். தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை குலத் தாய்மாருடையது.

இன்றைய நியூயார்க் மாநிலத்தின் நடுப்பகுதியில், ஒனைடா ஏரியைச் சூழ்ந்த காட்டு நிலத்தில் அவர்களுடைய ஊர்கள் இருந்தன. மரப்பட்டை வேய்ந்த நீண்ட வீடுகள். சுற்றிலும் பெண்கள் பயிரிட்ட சோளமும் அவரையும் பூசணியும். பத்து இருபது ஆண்டுகளில் மண் சத்திழக்கும். விறகுக்கு வெகுதொலைவு போகவேண்டிவரும். அப்போது ஊரே பெயர்ந்து வேறிடத்தில் அமையும். இங்கேதான் அந்தக் கல்லின் கதை தொடங்குகிறது. மக்கள் புது இடத்தில் குடியமர்ந்ததும், மனிதர் யாரும் தொடாமலே கல்லும் அங்கு வந்து நின்றது என்கிறது ஒனைடா மரபு. அதனருகில்தான் ஊர் கூடிப் பேசியது. சடங்குகளும் அங்கேயே நடந்தன.

ஒனைடாக் கல் என்று அடையாளம் காட்டப்பட்ட பாறைகள் ஒன்றுக்கு மேற்பட்டவை. 1840களில் இனவியலாளர் ஹென்றி ஸ்கூல்கிராஃப்ட் அத்தகைய கல்லொன்றைப் பற்றி எழுதிவைத்தார். ‘உண்மையான கல் எது?’ என்ற விவாதம் ஆய்வாளரிடையே உண்டு. அந்தக் கேள்வியே பொருந்தாதது என்பது என் எண்ணம். இடம் மாறி வாழ்ந்த மக்களுக்கு, ஊர்தோறும் ஒரு கல் நின்றிருந்தாலும் அது அதே கல்தான். இந்த மரபில் புனிதம் பாறையின் கனிமத்தில் இல்லை, அது உடன் வந்ததில் இருக்கிறது.

அமெரிக்க விடுதலைப் போரில் ஒனைடாக்களில் பெரும்பாலோர் குடியேற்றவாசிகள் பக்கம் நின்றார்கள். 1777இல் ஒரிஸ்கனியில் போரிட்டார்கள். கிடைத்த கைம்மாறு கொடுமையானது. 1788 உடன்படிக்கையில் தொடங்கி, ஏறத்தாழ 60 லட்சம் ஏக்கர் நிலத்தை நியூயார்க் மாநிலம் படிப்படியாகக் கைக்கொண்டது. 1820களில் ஒரு பகுதியினர் விஸ்கான்சினுக்குப் போனார்கள்; 1840இல் வேறு சிலர் கனடாவின் ஒன்டாரியோவில் தேம்ஸ் ஆற்றங்கரைக்குப் பெயர்ந்தார்கள். தாயகத்தில் தங்கியவர்களிடம் இருபதாம் நூற்றாண்டில் எஞ்சியது 32 ஏக்கர். அதையும் 1920இல் வழக்காடித்தான் மீட்க முடிந்தது.

இதற்கிடையே, 1849இல் தாயகத்தின் ஸ்டாக்பிரிட்ஜ் பகுதியிலிருந்த அத்தகைய கல்லொன்று நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகா நகரிலுள்ள ஃபாரஸ்ட் ஹில் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்டது. மரபில் தன் மக்களைத் தேடித் தானே போகும் கல், இப்போது பிறர் கைகளால் தூக்கிச் செல்லப்பட்டது. அதற்கு அங்கே மரியாதை கிடைத்திருக்கலாம். ஆனால் உயிரோடிருக்கும் ஓர் இனத்தின் கல்லைக் கல்லறைகளுக்கு நடுவே நிறுத்தினால், அந்த இனத்தையே இறந்தவர் கணக்கில் சேர்த்ததாகத்தான் ஆகும். நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் அது அங்கே இருந்தது.

1974இல் கல் ஒனைடா மண்ணுக்குத் திரும்பியது. அதே ஆண்டு ஜனவரியில், 1795இல் பறிபோன நிலத்துக்காக ஒனைடாக்கள் கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நில வழக்கு அதன்பின் பல பத்தாண்டுகள் இழுபட்டது. விஸ்கான்சினிலும் ஒன்டாரியோவிலும் வாழும் ஒனைடாக்கள் அந்தக் கல்லைத் தம்மோடு எடுத்துச் செல்லவில்லை. ஆனாலும் இன்றுவரை நிற்கும் கல்லின் மக்கள் என்ற பெயரையே தாங்கியிருக்கிறார்கள்.