'அடிப்படை' யாருக்கு?

இரத்மலானையிலிருந்து காலி வீதியால 100ஆம் நம்பர் பஸ்ஸில் பாணந்துறைக்குப் போய், அங்கே இன்னொரு பஸ் பிடித்தால் களுத்துறை. எங்களில் கனபேருக்கு அது மங்குஸ்தான் வாங்குற ஊர். ஆனால் சின்ன வயசில் எங்களுக்கு ஊசி போட்ட கிளினிக்கின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

1926இல் ரொக்கபெல்லர் மன்றத்தின் உதவியோடு இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு களுத்துறையில் அமைக்கப்பட்டது. அதுவரை அரசாங்க வைத்தியம் என்றால் பெரும்பாலும் ஆஸ்பத்திரியும் டிஸ்பென்சரியும்தான். வருத்தம் வந்தால் நாங்கள்தான் தேடிப் போகவேணும். களுத்துறையில் ஒரு எல்லையைப் போட்டு, அதற்குள் இருக்கிற முழுச் சனத்துக்கும் ஒரு வைத்திய அதிகாரியைப் பொறுப்பாக்கினார்கள். மருத்துவ மாது கர்ப்பிணிகளின் வீட்டுக்கே போனார். பரிசோதகர் கிணற்றையும் மலசலகூடத்தையும் பார்த்தார். 'அடிப்படைச் சேவை' என்பதற்கு எங்கட நாட்டில் கிடைத்த முதல் வரைவிலக்கணம் இதுதான் என்று சொல்லலாம்.

சரி, காசு? 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தது. 1934-35 மலேரியாவில் சுமார் 80,000 பேர் செத்தார்கள். வோட்டுக் கேட்டுப் போனவர்கள் அந்தச் சனத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. வரிப்பணம் கிராமங்களுக்குப் போனது. 1951இல் அரசாங்க ஆஸ்பத்திரிக் கட்டணங்கள் நீக்கப்பட்டன. 1971இல் வெளிநோயாளரிடம் 25 சதம் அறவிட்டார்கள். அந்தச் சில்லறைக்கே ஆட்கள் வருவது குறைந்தது. 1977இல் அதையும் எடுத்துவிட்டார்கள்.

இதையெல்லாம் நாங்கள் பெருமையாகத்தான் சொல்லுறம். ஆனால் அந்த எல்லைக்கு வெளியே நின்ற சனமும் இருக்கு. 1912ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத்தைத் தோட்ட நிர்வாகத்தின் தலையில் கட்டியது. செலவழிக்கிறவரே எவ்வளவு போதும் என்றும் தீர்மானித்தார். 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் குடியுரிமையையும் வாக்கையும் இழந்தார்கள். வாக்கில்லாத சனத்துக்கு யார் பதில் சொல்லுவார்? தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1990களில்தான்.

2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது துண்டு எழுதித் தந்து வெளியில் வாங்கச் சொன்னார்கள். வைத்தியம் இலவசம், மருந்துக்குக் காசு. 'அடிப்படைச் சேவை' என்று இனி ஒரு பட்டியல் வந்தால், அதில் என்ன இருக்கு என்று மட்டும் பார்க்காமல், காசு யார் குடுக்கிறது, யார் வீட்டுப் படலை வரை அது வரும் என்றும் நாங்கள் கேட்கவேணும்.