யி மக்களின் எழுத்தும் கணினி எழுத்துருவும்

சீன தேசத்தின் தென்மேற்கிலே சிச்சுவான், யுன்னான், குய்சோ மாகாணங்களின் மலைநிலங்களில் யி மக்கள் பெருந்தொகையினராய் வாழ்கின்றனர். அவர்தம் குருமாராகிய பிமோக்கள் சடங்குமுறைகளையும் வமிசாவளிகளையும் கையெழுத்துச் சுவடிகளிற் பன்னூற்றாண்டுகளாகப் பேணி வந்தனர். ஆயினும் வரிவடிவம் இடந்தோறும் வேறுபட்டமையாற் பள்ளிக் கல்விக்கும் அச்சுக்கும் இடர் விளைந்தது.

இதனை நீக்குமாறு, லியாங்ஷான் பகுதி வழக்கை அடியாகக் கொண்டு, அசையொன்றுக்கு எழுத்தொன்றாக 819 எழுத்துகள் வரையறுக்கப்பட்டன. 1980 ஆம் ஆண்டிற் சீன அரசு அம்முறையை அங்கீகரித்தது. 1999 இல் வெளியான யுனிக்கோட் மூன்றாம் பதிப்பு, தொனிக்குறி பெற்ற வடிவங்களையும் மீள்குறியொன்றையும் சேர்த்து 1,165 குறியீடுகளை ஏற்றது. 2007 இல் வின்டோஸ் விஸ்தாவோடு ‘மைக்ரோசொப்ட் யி பைத்தி’ என்னும் எழுத்துருவும் வந்தது.

எனினும் இவ்வாக்கத்தாற் பயனெய்தியோர் யி மக்கள் எல்லாரும் அல்லர். யுன்னான், குய்சோச் சுவடிகளில் வழங்கிய பல்லாயிரம் வரிவடிவங்கள் அவ்வட்டவணைக்குப் புறம்பாயின. பொதுமை கருதி நாடிய ஒருமையே, பழஞ்சுவடிகளைக் கணினியிற் பெயர்த்தெழுதுவார்க்குத் தடையாயிற்று. எழுத்தைச் சீர்செய்வோர், நாளை கற்பார்க்கு எளிமை தேடுங்கால், நேற்று எழுதினார் ஏட்டையும் எண்ணுதல் கடனென்பது இவ்வரலாற்றாற் பெறப்படும்.