லினக்ஸ் மேசைக்கணினி: வன்பொருள் இயக்கிகள் வழியே ஒரு வரலாறு

லினக்ஸ் மேசைக்கணினியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் திரையில் தெரிவதையே பின்தொடர்கிறார்கள். 1996இல் மத்தியாஸ் எட்ரிச் தொடங்கிய கேடிஇ, 1997இல் மிகேல் தே இக்காசாவும் ஃபெடரிகோ மேனாவும் தொடங்கிய க்னோம், 2004 அக்டோபரில் வந்த உபுண்டு ஆகியவை அந்த வரிசையில் தவறாமல் இடம்பெறும். மூன்றும் முக்கியமானவைதாம். ஆயினும் சாதாரணப் பயனரால் லினக்ஸைக் கையாள முடியுமா என்பதை இவற்றைக் காட்டிலும் அழுத்தமாகத் தீர்மானித்தவை வன்பொருள் இயக்கிகளே என்பது இக்கட்டுரையின் வாதம்.

தொண்ணூறுகளில் லினக்ஸை நிறுவியவர், வரைகலைத் திரையைப் பார்ப்பதற்கு முன் எக்ஸ்ஃப்ரீ86 மென்பொருளுக்கான அமைவுக் கோப்பை நிரப்ப வேண்டியிருந்தது. மானிட்டரின் கிடைமட்ட, செங்குத்து அலைவெண்களைக் கையேட்டில் தேடி எடுத்து எழுத வேண்டும். எண்கள் தவறினால் அக்காலத்துக் குழாய் மானிட்டர்கள் பழுதாகக்கூடும் என்று ஆவணங்களே எச்சரித்தன. வின்மோடம் எனப்பட்ட மலிவான மோடங்களோ தம் வேலையின் பெரும்பகுதியை விண்டோஸ் இயக்கியிடம் விட்டிருந்தன; லினக்ஸில் அவை பெரும்பாலும் வெறும் அட்டைகள்.

இயக்கிச் சிக்கல்கள் தீர்வதற்கு முன்னதாகவே இடைமுகத்தில் மாற்றம் வந்தது. 2001இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் க்னோமைப் பயனர்களிடம் கொடுத்துச் சோதித்து, அவர்கள் எங்கெங்கே தடுமாறினார்கள் என்பதை அறிக்கையாக வெளியிட்டது. மறு ஆண்டு வந்த க்னோம் 2, அமைப்புகளைத் துணிந்து குறைத்தது. பழைய பயனர்கள் பலர் கோபப்பட்டார்கள். எனினும் மேசைத்தளம் யாருக்காக என்ற கேள்விக்கு ஒரு திட்டம் தெளிவாகப் பதில் சொன்னது அப்போதுதான்.

வன்பொருளைத் தானே கண்டறியும் திறனை 2000இல் க்ளாஸ் க்னாப்பர் உருவாக்கிய நாப்பிக்ஸ் வட்டு நிரூபித்தது. நிறுவாமலே குறுவட்டிலிருந்து இயங்கிய அது, கணினியில் என்னென்ன இருக்கின்றன என்பதைத் தானே கண்டுகொண்டது. 2003 டிசம்பரில் வந்த 2.6 கெர்னல் (லினக்ஸின் உட்கரு), சாதனங்களைக் கையாளும் யுடெவ் ஆகியவற்றுக்குப் பிறகு, யுஎஸ்பி சாதனத்தைச் செருகியவுடன் அடையாளம் காண்பது எல்லா வழங்கல்களிலும் படிப்படியாக இயல்பாயிற்று.

உண்மையான போராட்டம் வைஃபையில் நடந்தது. பிராட்காம் சில்லுகள் ஏராளமான மடிக்கணினிகளில் இருந்தன. அவற்றுக்கான தொழில்நுட்ப ஆவணங்கள் கிடைக்கவில்லை. விண்டோஸ் இயக்கியையே லினக்ஸுக்குள் ஓட்டும் என்டிஸ்ராப்பர் தற்காலிக வழியானது. மற்றொரு வழி மிகக் கடினமானது. ஒரு குழு இருக்கும் இயக்கியைப் பிரித்து ஆராய்ந்து, சில்லு செயல்படும் விதத்தை ஆவணமாக எழுதியது. அந்த இயக்கியின் நிரலைப் பார்க்காத இன்னொரு குழு, ஆவணத்தை மட்டும் வைத்துப் புதிதாக எழுதியது. பதிப்புரிமைச் சிக்கலைத் தவிர்க்கவே இந்தப் பிரிவினை. அப்படிப் பிறந்த இயக்கி 2006இல் 2.6.17 கெர்னலில் சேர்ந்தது. சில்லுக்குள் ஏற்ற வேண்டிய நிலைபொருளை மட்டும் பகிர உரிமையில்லாததால், பயனரே அதை வேறொரு இயக்கியிலிருந்து வெட்டியெடுக்க வேண்டியிருந்தது.

அதுவரை வைஃபை இயக்கிகள் பல, நெறிமுறை முழுவதையும் தனித்தனியே சுமந்தன. டிவைஸ்கேப் நிறுவனம் அளித்த நிரலிலிருந்து வளர்ந்த மேக்80211 அடுக்கு, 2007இல் 2.6.22 கெர்னலில் பொதுவானதாக அமைந்தது. 2008இல் ஆத்தராஸும் 2010 செப்டம்பரில் பிராட்காமும் தாமாகவே திறமூல இயக்கிகளை வெளியிட்டன.

இங்கே கெர்னல் சமூகத்தின் ஒரு கொள்கையைக் கவனிக்க வேண்டும். கெர்னலின் உள் இடைமுகம் நிலையானதாக இராது. அதை மாற்றுபவரே, மாற்றத்தால் பாதிக்கப்படும் இயக்கிகளையும் திருத்தித் தர வேண்டும். இயக்கியை மூடி வைக்கும் நிறுவனத்துக்கு இது தலைவலி. மூலநிரலைத் தந்தவருக்கோ பராமரிப்பில் பெரும்பகுதி சமூகத்தின் பொறுப்பாகிறது. 2007இல் கெர்னல் நிரலாளர் கிரெக் க்ரோ-ஹார்ட்மன், ஆவணங்களைக் கொடுத்தால் இயக்கியை இலவசமாகவே எழுதித் தருகிறோம் என்று நிறுவனங்களை அழைத்தார். கடுமையாகத் தோன்றும் இக்கொள்கைதான் பழைய சாதனங்கள் இன்றும் லினக்ஸில் உயிரோடிருப்பதற்கு முதன்மைக் காரணம் என்பது என் கணிப்பு.

வரைகலையிலும் பாதை இதுவே. 2007இல் ஏஎம்டி தன் சில்லு ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. 2009இல் 2.6.29 கெர்னல் இன்டெல் சில்லுகளுக்குத் திரை முறைமையைத் தானே அமைக்கலானது. துவக்கத்தில் திரை மினுங்குவதும், உறக்கத்திலிருந்து மீண்டால் கருப்பாகவே நிற்பதும் அதன்பின் குறைந்தன. என்விடியா நெடுங்காலம் ஒதுங்கியிருந்தது. அதன் சில்லுகளுக்காகத் தன்னார்வலர்கள் தடயங்களைத் துருவி எழுதிய நூவோ இயக்கி 2010இல் கெர்னலில் நுழைந்தது. என்விடியா தன் கெர்னல் கூறுகளைத் திறந்ததோ 2022 மே மாதத்தில்தான்.

அச்சுப்பொறிக்கு விடிவு வேறு திசையிலிருந்து வந்தது. 2010இல் ஆப்பிள் கொண்டுவந்த ஏர்பிரிண்ட், கைபேசியிலிருந்து இயக்கியின்றி அச்சிடும் பொதுநெறிகளை அச்சுப்பொறிகளுக்குள் பரவச் செய்தது. அதே நெறிகளைப் பேசிய கப்ஸ் என்னும் அச்சு மென்பொருள் வழியாக லினக்ஸ் பயனரும் பலனடைந்தார்.

எஞ்சியிருப்பது நிலைபொருள். கட்டற்ற தன்மையில் மிகக் கண்டிப்பான வழங்கலான டெபியன், கட்டுப்பாடுள்ள நிலைபொருளைத் தன் அதிகாரப்பூர்வ நிறுவியில் நெடுங்காலம் சேர்க்கவில்லை. அதனால் வைஃபை வேலை செய்யாத மடிக்கணினியுடன் நின்ற புதியவர்கள் பலர். 2022இல் அதன் உறுப்பினர்கள் வாக்களித்து அந்நிலையை மாற்றினர். 2023 ஜூனில் வந்த டெபியன் 12, அக்கோப்புகளை உள்ளடக்கிய நிறுவியுடன் வெளியானது. பயனர் பக்கம் நின்று பார்த்தால் அம்முடிவு சரியானது. ஆனால் அந்தக் கோப்புகளில் பெரும்பாலானவற்றின் மூலநிரல் இன்னும் உற்பத்தியாளர்களிடமே இருக்கிறது.