நாற்பது நாள்: குதிரையின் தகுதியும் நம் அமானிதமும்



கடந்த பெருநாளின் மாலையில், காலாப்பட்டிலிருந்து நம் மதரஸா மாணவர்கள் சிலருடன் கடற்கரைக்குச் சென்றிருந்தோம். பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் குதிரையொன்று முன்காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. கேட்டபோது, "இரண்டு நாள் ஓய்வு கொடுத்தாயிற்று, சரியாகிவிட்டது" என்றார் உடையவர். திரும்பும் வழியில் மாணவர் ஒருவர், "ஹஜ்ரத், சரியாகிவிட்டதென்று முடிவு சொல்ல வேண்டியவர் யார்?" என்று வினவினார். அவ்வினாவிற்கான விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

நம் கடற்கரைக்கும் குதிரைக்கும் உள்ள உறவு பழமையானது. நம்முள் பல குடும்பங்கள் தாங்கிவரும் ராவுத்தர் என்னும் பெயரையே குதிரை வீரர்களோடு இணைத்துப் பேசுவர். 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாண்டிய நாட்டின் காயல் துறைமுகத்திற்கு ஹுர்முஸ், கீஷ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகள் கப்பலில் வந்திறங்கின. கீஷ் தீவின் அதிபரான ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டார் என்றும், ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார் என்றும், வழியில் இறந்த குதிரைக்கும் அரசே விலை தந்தது என்றும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதுகிறார். ஜமாலுத்தீனின் சகோதரர் தகிய்யுத்தீன் பாண்டிய மன்னரின் அமைச்சராக விளங்கினார்.

இவ்வளவு பொன் கொடுத்து வாங்கிய குதிரைகள் என்னவாயின? அவற்றை நாற்பது நாள் லாயத்தில் கயிற்றாலும் முளையாலும் கட்டிவைத்துக் கொழுக்கச் செய்வர். பின்னர் எப்பயிற்சியும் அளிக்காமல் ஏறி விரட்டுவர். வலிமை மிக்க குதிரையும் சில நாளில் தளர்ந்து பயனற்றுப் போகும் என்கிறார் வஸ்ஸாஃப். அக்காலத்தில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோவோ, மன்னர் ஆண்டுக்கு 2,000க்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் குறிக்கிறார். லாடம் அடிக்கவும் மருத்துவம் பார்க்கவும் அறிந்தவர் இந்நாட்டில் இல்லை. குதிரை வணிகரும் அத்தகையோரை அழைத்து வரவில்லை, வர விடவும் இல்லை. குதிரைகள் மடிந்தால்தானே மறுபடியும் விற்கலாம் என்பது அவர் கூறும் காரணம். இக்கூற்று மெய்யாயின், அந்தப் பழியில் நம் முன்னோரான வணிகருக்கும் பங்குண்டு. அதை மறைத்து வரலாறு பேசுவது நமக்கு அழகன்று.

ஏனெனில், அதே நாற்பது நாளை முறையாகப் பயன்படுத்தும் வழக்கம் அரபு மண்ணில் இருந்தது. அதற்கு 'தள்மீர்' என்று பெயர். முதலில் நன்கு தீனியளித்துக் குதிரையைத் தேற்றுவர்; பிறகு தீனியைப் படிப்படியாகக் குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்கச் செய்து, கொழுப்பைக் கரைத்து, மூச்சையும் தசையையும் உறுதிப்படுத்துவர். இதற்கு நாற்பது நாள் ஆகும் என அரபு அகராதி நூலோர் கூறுவர்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, இவ்வாறு பயிற்சி பெற்றவற்றை ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஏறத்தாழ ஐந்தாறு மைல் ஓடவிட்டார்கள். பயிற்சி பெறாதவற்றுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, சுமார் ஒரு மைல் மட்டுமே. அப்பந்தயத்தில் தாமும் கலந்துகொண்ட இப்னு உமர் (ரலி) அவர்கள் வாயிலாக இச்செய்தி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. குதிரையின் நிலையைக் கொண்டு தொலைவு முடிவாயிற்று. ஏறுபவரின் ஆசையைக் கொண்டு அன்று. வயிறு முதுகோடு ஒட்டிய ஒட்டகத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், வாயில்லாப் பிராணிகளின் விஷயத்தில் அல்லாஹ்வை அஞ்சுமாறும், அவை தகுந்த நிலையில் இருக்கும்போதே ஏறுமாறும் பணித்த செய்தி அபூதாவூதில் உள்ளது.

இன்று வளைகுடா நாடுகளில் புகழ்பெற்றுள்ள நெடுந்தொலைவுக் குதிரைப் பந்தயத்தின் விதிகளும் இதே திசையில் செல்கின்றன. 160 கிலோமீட்டர் வரை நீளும் அப்பந்தயம் பல சுற்றுகளாகப் பிரிக்கப்படும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் கால்நடை மருத்துவர் குதிரையைச் சோதிப்பார். குறித்த நேரத்திற்குள் நாடித்துடிப்பு நிமிடத்திற்குப் பொதுவாக 64க்குள் அடங்க வேண்டும். நடையில் நொண்டல் இருத்தலாகாது. பந்தயம் முடிந்த பின்னும் கட்டாய ஓய்வுக்காலம் உண்டு. நொண்டலாலோ உடல் தளர்ச்சியாலோ நீக்கப்பட்ட குதிரைக்கு அது மேலும் நீளும். உடையவர், "என் குதிரை தேறிவிட்டது" என்று சொல்வது போதாது. வெற்றியில் ஆதாயமுள்ளவர் தாமே தீர்ப்பளிக்கக் கூடாது என்பதே இவ்விதிகளின் உட்பொருள்.

இதிலொரு நுட்பமும் உண்டு. ஓய்வு கொடுத்ததும் வலி முதலில் குறையும். காயமுற்ற தசைநாண் ஆறுவதற்கோ பல மாதங்கள் ஆகலாம். வலி மறைந்ததைக் குணமென்று எண்ணி ஓடவிட்டால், முன்னினும் பெரிய முறிவு நேரும். வலி மருந்து கொடுத்து நொண்டலை மறைப்பது, குறையை மறைத்துப் பொருளை விற்பதற்கு ஒப்பான மோசடியேயாகும்.

நம் குடும்பங்களில் பந்தயக் குதிரை வளர்ப்போர் அரிது. பெருநாளில் பிள்ளையைக் குதிரையேற்றி மகிழ்வோர் பலர். ஏற்றுமுன் சற்று நின்று பாருங்கள். முன்காலில் நோவுள்ள குதிரை, அக்கால் தரையில் ஊன்றும்போது தலையை மேலே தூக்கும். சேணத்தின் ஓரத்தில் புண் உண்டா, நின்ற பின்னும் மூச்சு வாங்குகிறதா என்றும் நோக்குங்கள். ஐயம் எழுந்தால் ஏற்ற வேண்டாம். உடையவரின் வயிற்றுப்பாடு பெரிதென்று தோன்றினால், ஏறாமலே அந்தப் பணத்தைக் கொடுத்து, "இன்று அதற்கு ஓய்வு கொடுங்கள் பாய்" என்று கனிவாகச் சொல்லுங்கள். மாணவரின் வினாவிற்கு நாம் சொன்ன விடையும் இதுவே: வாயில்லா ஜீவனுக்காக முடிவு சொல்ல வேண்டியவர், அதனால் ஆதாயம் பெறாதவர்.

வல்ல அல்லாஹ், நம் பொறுப்பில் தந்த உயிர்களின் அமானிதத்தைப் பேணும் நற்பேற்றை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக! ஆமீன்.