காக்கிக்கு வக்கீல் வைப்பது யார்?

அமெரிக்காவில் காவல் அதிகாரிகளின் வழக்குச் செலவுக்கு உதவ ஒரு நிதியம் இருக்கிறது. 1995இல் தொடங்கப்பட்ட அது வர்ஜீனியா மாநிலத்திலிருந்து இயங்குகிறது. லாப நோக்கற்ற அமைப்பு என்பதால் வரிச்சலுகையும் உண்டு. பணியின்போது செய்த செயலுக்காக வழக்கில் சிக்கும் காவலர்களுக்கு நன்கொடை திரட்டி வக்கீல் செலவைத் தாங்குவதே அதன் வேலை.

இப்படி ஓர் அமைப்பு தமிழ்நாட்டில் ஏன் பெரிதாக வளரவில்லை? பதில் எளிது. தேவைப்படவில்லை. அந்த வேலையை இங்கே அரசே செய்துவருகிறது, அதுவும் 160 ஆண்டுகளுக்கு மேலாக.

தோழர்களே, முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். குற்றம் சாட்டப்பட்ட எவருக்கும் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. அரசியலமைப்பின் 22ஆம் பிரிவு கைதானவருக்கு அதைத் தருகிறது. பொய் வழக்கில் சிறைக்குப் போகும் நம் இளைஞர்களுக்காக நாம் தினமும் பேசும் உரிமையும் அதுதான். அதைக் காவலருக்கு மட்டும் மறுக்க நமக்கு நியாயம் இல்லை. அந்த உரிமைக்கு மேல் அரசு எத்தனை கவசங்களை அடுக்கியிருக்கிறது, அவற்றின் எதிரே நிற்கும் மக்களுக்கு என்ன கிடைத்தது என்பதே நம் கேள்வி.

கதை 1854இல் தொடங்குகிறது. சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் மக்கள் சித்திரவதை செய்யப்படுவதாகப் புகார்கள் எழுந்தன. விசாரிக்க மூன்று பேர் கொண்ட ஆணையம் அமைக்கப்பட்டது. விரல்களை நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாள் எல்லாம் அந்த ஆங்கில அறிக்கையில் இதே தமிழ்ப் பெயர்களோடு பதிவாகியிருக்கின்றன. 1857இல் மார்க்ஸ் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் இந்த அறிக்கையை வைத்துக் கட்டுரை எழுதினார். சித்திரவதை நடந்ததை ஏற்றுக்கொண்ட ஆணையம், பாதிக்கப்பட்டவர் நியாயம் பெறுவது எவ்வளவு கடினம் என்பதையும் சொன்னது.

வரி வசூலும் காவலும் ஒரே கையில் இருந்ததைப் பிரிக்க 1859இல் சென்னை மாவட்டக் காவல் சட்டம் வந்தது. சித்திரவதை அறிக்கையின் பின்னணியில் பிறந்த அதே சட்டத்தின் 53ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். இச்சட்டத்தின் கீழ் செய்த செயலுக்காகக் காவலர் மீது வழக்குப் போடுவதென்றால் மூன்று மாதத்துக்குள் போட்டாக வேண்டும். அடிவாங்கியவர் காயம் ஆறி, பயம் தெளிந்து, மனு எழுத ஆள் தேடிப் பிடிப்பதற்குள் காலம் முடிந்துவிடும்.

இந்தப் பிரிவு எப்படிப் பயன்பட்டது என்பதற்கு ஒரு வழக்கே சாட்சி. அன்றைய ஆந்திரத்தின் ஆதோனியில், 1956இல், காவலில் வைத்து அடிக்கப்பட்ட ஒருவர் இறந்துபோனார். காவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள். ஆனால் மூன்று மாதக் கெடு தாண்டிவிட்டது என்ற காரணத்தால் உயர் நீதிமன்றத்தில் தப்பினார்கள். 1963இல் உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. வாக்குமூலம் வாங்க ஒருவரை அடைத்துவைத்து அடிப்பது எந்தச் சட்டத்தின் கீழும் செய்யும் கடமை ஆகாது, எனவே அந்தக் கெடு இங்கே பொருந்தாது என்றது. இந்தத் தீர்ப்பை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். ‘பணியின்போது செய்தது’ என்ற வாதம் வரும்போதெல்லாம் இது உதவும்.

இரண்டாவது கவசம், 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்ற 197ஆம் பிரிவு. அரசு ஊழியர் மீது வழக்கு நடத்த அரசின் முன் அனுமதி வேண்டும் என்பது அது. சுதந்திரத்துக்குப் பிறகு, 1973இல் புதிய சட்டம் எழுதியபோதும் அதே எண்ணோடு நீடித்தது. இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 218ஆம் பிரிவாக இருக்கிறது. மூன்றாவது கவசம் பணம். 1959 ஜனவரியில் மத்திய உள்துறை ஓர் உத்தரவு போட்டது. அலுவல் கடமை தொடர்பாக வெளியாள் ஒருவர் ஊழியர் மீது வழக்குப் போட்டால், அரசே அவருக்காக வாதாடலாம், அல்லது அவர் செலவழித்த தொகையைத் திருப்பித் தரலாம். நன்கொடை திரட்டும் நிதியம் இங்கே எதற்கு?

நான்காவது கவசம் எந்தச் சட்டப் பிரிவிலும் எழுதப்படவில்லை. ஆனால் களத்தில் நாம் அதிகம் மோதுவது அதனோடுதான். காவல் நிலையத்தில் ஒருவரைக் காணவில்லை என்று ஆட்கொணர்வு மனு போடுகிறோம். எதிர்மனுதாரர் காவல்துறை. அவர்களுக்காக நிற்பவர் அரசு வக்கீல். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று பதில் மனு தாக்கல் செய்கிறார்கள். பிறகு, போராட்டத்தின் விளைவாக, குற்ற வழக்குப் பதிவாகிறது. இப்போது அந்தக் காவலர்களைக் குற்றவாளிகள் என்று நிரூபிக்க வேண்டியவரும் அரசு வக்கீல். நேற்று மறுத்த அரசு இன்று எவ்வளவு மனதோடு நிரூபிக்கும்?

இதை நம் மலைமக்கள் அனுபவித்துப் பார்த்தார்கள். கல்வராயன் மலை 1976 வரை மூன்று ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. ஜாகிர் போனபின் வந்த அரசு, பள்ளிக்கூடமாகவும் மருத்துவமனையாகவும் வந்ததைவிட, வன வழக்காகவும் சாராய வேட்டையாகவுமே அதிகம் வந்தது. அங்கு வாழும் அதே மலையாளி பழங்குடி மக்கள்தான் பக்கத்துச் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியிலும் வாழ்கிறார்கள்.

1992 ஜூன் 20. சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் வாச்சாத்திக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன. 100க்கும் மேற்பட்டோர் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். அரசு மறுத்தது. தேசிய பட்டியல் சாதி, பழங்குடியினர் ஆணையத்தின் பாமதி நேரில் சென்று விசாரித்து, கொடுமை நடந்தது உண்மை என்று அறிக்கை கொடுத்தார். மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. நல்லசிவனும் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் நீதிமன்றம் சென்றார்கள். 1995இல்தான் வழக்கு சிபிஐக்குப் போனது.

குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. மேல்முறையீடு இன்னும் 12 ஆண்டுகளைத் தின்றது. 2023 செப்டம்பர் 29இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி பி. வேல்முருகன் தண்டனையை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் இழப்பீடு தரவும், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், வன அலுவலர் மீது நடவடிக்கை எடுக்கவும் உத்தரவிட்டார். 31 ஆண்டுகள்! இடைப்பட்ட காலத்தில் அந்த 215 பேர் சம்பளம் வாங்கினார்கள், பலர் ஓய்வும் பெற்றார்கள். அந்தப் பெண்களோ கூலி வேலையை விட்டுவிட்டு வாய்தாவுக்கு அலைந்தார்கள். அவர்களுக்கான நிதியம் சங்கத்தின் உண்டியல்தான்.

இது ஏதோ பழங்கதை இல்லை. 2011 நவம்பர் 22 இரவு, திருட்டு வழக்கு விசாரணை என்று சொல்லி வந்த திருக்கோவிலூர் காவலர்கள் நான்கு இருளர் பெண்களை வண்டியில் ஏற்றிச் சென்று வன்கொடுமை செய்ததாகப் புகார் எழுந்தது. திருக்கோவிலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. ஆய்வாளர் உட்படக் காவலர்கள் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். வாச்சாத்தித் தீர்ப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

சங்கமாகத் திரண்டு சட்டப் போர் நடத்தும் காவலர்களும் உண்டு. ‘என்கவுன்டர்’ நடந்தால் சம்பந்தப்பட்ட காவலர்கள் மீது முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று 2009இல் ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு சொன்னது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது காவல் அதிகாரிகள் சங்கம். தடையும் வாங்கியது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 197ஆம் பிரிவின் சொற்களைப் பாருங்கள். அரசின் அனுமதி இல்லாமல் பணியிலிருந்து நீக்க முடியாத அதிகாரிக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. அடிமட்டக் காவலருக்கு அது வேண்டுமானால் அரசு தனியே அறிவிக்கை வெளியிட வேண்டும். சங்கம் சேரும் உரிமையையும் 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. உத்தரவு மேலிருந்து வருகிறது, கவசமும் மேலேயே நின்றுவிடுகிறது. நம் சேரிகளிலிருந்தும் பிள்ளைகள் காக்கி போடப் போகிறார்கள். ‘அடி’ என்ற உத்தரவுக்குப் பணிந்தால் நாளைக்குக் கூண்டில் தனியாக நிற்கப்போவது யார் என்பதை அவர்களிடம் நாம்தான் சொல்ல வேண்டும்.

நம் கையிலும் சில ஆயுதங்கள் இருக்கின்றன. ஒன்று, வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 4(5). பாதிக்கப்பட்டவர் விரும்பினால், மூத்த வழக்கறிஞரை மாவட்ட ஆட்சியர் நியமிக்கலாம். கட்டணம் அரசினுடையது. இதைத் தெரிந்துகொள்ளாமல், கிடைத்த அரசு வக்கீலோடு வழக்கை நடத்தித் தோற்ற குடும்பங்களை வேலையில் அடிக்கடி சந்திக்கிறேன். இரண்டு, அதே சட்டத்தின் 15ஏ பிரிவு. பிணை விசாரணை உட்பட வழக்கின் எந்த நடவடிக்கையிலும் பாதிக்கப்பட்டவர் குரல் கேட்கப்பட வேண்டும் என்கிறது. மூன்று, பாலியல் வன்கொடுமை வழக்கில் 2013 திருத்தத்துக்குப் பிறகு அரசு அனுமதி தேவையே இல்லை. நான்கு, மற்ற வழக்குகளிலும் 120 நாளுக்குள் அரசு முடிவெடுக்காவிட்டால் அனுமதி கொடுத்ததாகவே பொருள். இது 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. அனுமதி கேட்ட தேதியைக் குறித்து வைத்து நாளை எண்ணுங்கள்.

சட்டம் படிக்கும் மாணவர்கள், விடுமுறையில் உங்கள் வட்டத்தில் நடக்கும் ஒரே ஒரு வன்கொடுமை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 4(5) மனு கொடுத்தார்களா, வாய்தா தேதி குடும்பத்துக்குத் தெரியுமா, போக்குவரத்துப் படி வந்ததா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் அன்றே மனு எழுதிக் கொடுங்கள். காக்கிக்கு வக்கீல் வைக்க அரசு கருவூலம் இருக்கிறது. அந்தக் கருவூலத்தில் நம் வரிப்பணமும் கிடக்கிறது. நம் பங்கைக் கேட்டு வாங்குவோம்.