படிப்பும் பொதுப்பணியும்: அண்ணலின் மாணவப் பருவம்

கல்லூரியில் பயிலும் நம் இளைஞர்கள் இருவகை அழைப்புகளுக்கு நடுவே நிற்கின்றனர். ஒருபுறம் பாடங்களும் தேர்வுகளும். மறுபுறம் மாணவர் பேரவை, பேச்சு மேடை, விடுதிச் சிக்கல், ஊரார் எழுதித் தரக் கேட்கும் மனுக்கள். தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்க்கு இவற்றுள் எதனையும் எளிதில் தள்ளிவிட இயலாது. பாடத்தில் தவறினால் ஒரு குடும்பத்தின் நம்பிக்கையே சாய்ந்துவிடும். ஊரை மறந்தாலோ, பெற்ற பட்டத்திற்குப் பொருள் இல்லாது போகும். இவ்விரண்டையும் எங்ஙனம் இசைவித்துச் செல்வது என்னும் வினாவிற்கு விடை காண, அண்ணல் அம்பேத்கரின் மாணவப் பருவ வரலாற்றைச் சற்று நுணுகிப் பார்த்தல் நலம்.

பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்ற அண்ணல், 1912-இல் பி.ஏ. தேர்வில் வெற்றி பெற்றார். 1913 பிப்ரவரியில் தந்தையார் இராம்ஜி சக்பால் மறைந்தார். அவ்வாண்டிலேயே பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் வழங்கிய உதவித்தொகை அவரை நியூயார்க் நகரத்துக் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்கு அனுப்பியது. மாதம் பதினொன்றரை ஸ்டெர்லிங் பவுன் வீதம் மூன்றாண்டுகளுக்கு அத்தொகை கிடைத்தது. தாயகத்தில் மனைவி ரமாபாய் அம்மையாரும் குழந்தையும் இருந்தனர். காலம் அளவிட்டுத் தரப்பட்டது என்பதை அவர் ஒருபொழுதும் மறந்தாரில்லை.

அம்மூன்றாண்டுகளில் அவர் பயின்ற பாடங்களின் கணக்கு நமக்குக் கிடைத்துள்ளது. பொருளியலில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, தத்துவத்தில் 5, மானிடவியலில் 4, அரசியலில் 3, பிரெஞ்சு, ஜெர்மன் மொழிகளில் ஒவ்வொன்று, ஆக மொத்தம் 60 பாடங்கள். அந்நாளில் லாலா லஜபதிராய் நியூயார்க்கில் தங்கி, இந்தியத் தன்னாட்சிக்காக இயக்கம் நடத்தினார். அதில் ஈடுபட்ட இந்திய மாணவரும் உண்டு. அண்ணல் அவ்வியக்கத்தில் சேரவில்லை. தம் நேரத்தை நூலகத்திற்கே உரியதாக்கினார்.

இதனால் அவர் தம் மக்களை மறந்து பட்டத்தை மட்டும் நாடினார் என்று கருதுவது பிழை. 1916 மே 9-ஆம் நாள், பேராசிரியர் கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். இந்தியாவில் சாதிகள் எங்ஙனம் தோன்றின, எங்ஙனம் இயங்குகின்றன என்பதே அதன் பொருள். அகமணமே சாதியின் உயிர்நிலை என்று அதில் அவர் நிறுவினார். அப்போது அவருக்கு வயது 25. வகுப்பறைக்காக எழுதப்பட்ட அக்கட்டுரை 1917-இல் அச்சாயிற்று. இன்றளவும் அறிஞரால் ஆராயப்படுகிறது. பாடத்திற்கு வெளியே பணியைத் தேடாமல், பாடத்தையே பணிக்குக் கருவியாக்கியதே அண்ணல் கண்ட முதல் வழி.

1916-இல் இலண்டன் பொருளியல் கல்லூரியிலும், வழக்கறிஞர் கல்விக்காகக் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். உதவித்தொகைக் காலம் முடிந்ததால் 1917-இல் படிப்பைப் பாதியில் நிறுத்தித் திரும்ப நேர்ந்தது. எனினும், நான்கு ஆண்டுகளுக்குள் மீண்டும் வந்து தொடரலாம் என்னும் இசைவைப் பெற்றே அவர் கப்பலேறினார். 1918-இல் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானார். இவ்விடைவெளியில் பொதுப்பணி அவரை முழுமையாக அழைத்தது. 1919 சனவரியில் சவுத்பரோ குழுவின் முன் தோன்றித் தாழ்த்தப்பட்டோர்க்கு வாக்குரிமையும் தனிப் பிரதிநிதித்துவமும் கோரினார். 1920 சனவரி 31-இல் ‘மூக்நாயக்’ இதழ் தொடங்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சில் மாண்காவ் மாநாட்டில் கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசர் அவரைப் பாராட்டினார்.

இயக்கம் எழுச்சி கொண்ட அந்நேரத்தில் வேறொருவராயின் பட்டத்தைக் கைவிட்டிருப்பர். அண்ணலோ, குறித்த நான்காண்டுக் கெடு தீருமுன், 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். ஊதியத்தில் மிச்சம் பிடித்த பணமும், சாகு மகாராசரின் உதவியும், நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற கடனும் துணை நின்றன. பகலெல்லாம் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகமே அவர் இருப்பிடம். அக்காலத்திலும் மாணவர் சங்கத்தில் இந்திய ஆட்சிமுறை பற்றி அவர் கட்டுரை படித்ததையும், அது பெரும் விவாதத்தைக் கிளப்பியதையும் தனஞ்செய் கீர் எழுதியுள்ளார். 1921-இல் எம்.எஸ்ஸி., 1923-இல் டி.எஸ்ஸி. பட்டங்களைப் பெற்றார், இடையே வழக்கறிஞர் தகுதியும் எய்தினார்.

இதற்கு விலை இல்லாமற் போகவில்லை. அவர் அயலகத்தில் இருந்தபோது ‘மூக்நாயக்’ நலிந்து, 1923-இல் நின்றுபோயிற்று. ரமாபாய் அம்மையார் வறுமையோடு போராடினார். ஆயினும், பெற்ற கல்வி வீண்போகவில்லை. 1924-இல் பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கியபோதும், 1927-இல் மகாத் குளத்து நீருரிமைக்காகப் போராடிப் பின்னர் நீதிமன்றம் ஏறியபோதும், முற்றுப்பெற்ற அப்படிப்பே அவர் கைவாளாயிற்று.

இளைஞர்களே! ஒவ்வொரு நாளையும் சரிபாதியாகப் பகுத்துப் படிப்புக்குப் பாதி, பணிக்குப் பாதி என்று அண்ணல் வாழவில்லை. எது முன், எது பின் என வரிசைப்படுத்தினார். தொடங்கியதைக் கெடுவுக்குள் முடித்தார். நீங்களும் பேரவையில் பேசுங்கள்; விடுதியின் குறைகளுக்காக வாதாடுங்கள். ஆயின், தேர்வு மாதத்தில் மேடையை விட்டு இறங்கவும் கற்றுக்கொள்ளுங்கள். ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்புத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வருமாயின், நம் ஊரின் நிலவுடைமையை, கூலியை, பள்ளியை ஆராயுங்கள். அப்போது ஒரே உழைப்பு இரு கடமைகளையும் நிறைவேற்றும்.

பெரியோர்க்கும் ஒன்று கூறுதல் வேண்டும். அண்ணலின் உறுதி ஒன்றே அவரைக் கரையேற்றவில்லை. உதவித்தொகையும் கடனும் நட்பும் உடனிருந்தன. அதனை உணர்ந்தே அவருடைய சபை 1925-இல் சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. தாழ்த்தப்பட்ட மாணவர்க்கான நடுவண் அரசின் உதவித்தொகைத் திட்டமும், அவர் வைசிராய் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்த 1944-இல் தொடங்கிற்று. வெள்ளி விழாக் காணும் நம் கழகம் தேர்வுக் காலத்தில் மாணவரைக் கூட்டத்திற்கு அழையாதிருக்கட்டும். அந்நாளில் மனு எழுதும் வேலையைப் பட்டம் பெற்ற மூத்தோர் ஏற்கட்டும். கற்கும் பிள்ளையின் நேரத்தைக் காப்பதும் சமுதாயப் பணியே.